மூச்சை இயல்பாக விடவும்

திரேஸ்புரம், தூத்துக்குடி
12 ஜூன் 2025

பாசமுள்ள அண்ணன் கஸ்பாருக்கு, தம்பி கிளைட்டன்.

பனிமாதா புண்ணியத்தில் இங்கே மெற்றில்டா, மகன் ஜெனோ எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? மைனி பிளாரன்ஸுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் என்னலே கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அங்கே உங்கள் மகள் அனிஷா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இங்கே என் மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். இது நமக்குள்ளே இருக்க வேண்டிய விஷயம்.

எனக்குப் புராஸ்டேட்டில் கேன்சராம். சதை எடுத்து டெஸ்ட் பண்ணி உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். வெளியே பரவவில்லை. ஆபரேஷன் செய்து எடுக்கலாம், இல்லாவிட்டால் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கலாம் என்று மதுரை டாக்டர் சொன்னார். "ஆபரேஷன்னா கொஞ்ச நாளைக்கு ஒண்ணுக்கு அடங்காம ஒழுகும். அடக்குற தசைய முடிஞ்ச வரைக்கும் காப்பாத்தித்தான் எடுப்போம். ஆனா எல்லாருக்கும் ஒண்ணு போல திரும்பாது" என்றார்.

உயிரைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இந்த ஒழுகல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சங்குத் தோணியில் ஆறு பேர் தோளோடு தோள் இடித்து உட்காருகிறோம். பெரிய வெள்ளியன்று கோயில் கொம்பிரியார் சபையின் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, ஆண்டவர் சுரூபத்தைக் கிடத்திய ஆசந்தியை ஊர் முழுக்கச் சுமக்க வேண்டும். மூட்டுவலி என்று சொல்லி நீங்கள் எனக்கு விட்டுக்கொடுத்த முன் வலது தோள் அது. அதற்குப் பிறகு நீங்கள் ஊர்ப்பக்கமே வரவில்லை. அக்கா சாவுக்குக்கூட வரவில்லை. அது கிடக்கட்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கொச்சியில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர் நீங்கள். ஒளிக்காமல் எழுதுங்கள். உங்களுக்கு ஒழுகியதா? எத்தனை நாள்? நீங்கள் சொல்வதை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

தம்பி,
கிளைட்டன்


கொச்சி
30 ஜூன் 2025

அன்புத் தம்பி கிளைட்டனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மைனி அழுதாள். உனக்காக ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியிருக்கிறாள். என் மூட்டு அப்படியேதான் இருக்கிறது. ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாததால்தான் அக்காவின் அடக்கத்துக்கு வரவில்லை. அதை நீ இப்படிக் குத்திக்காட்டியிருக்க வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்கு ஒரு சொட்டு கிடையாது. டியூபை எடுத்த ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. தைரியமாக ஆபரேஷன் செய்துகொள். கரண்ட், கிரண்ட் என்று மாதக்கணக்கில் அலையாதே.

பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருவாள். அதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து தொந்தி வளர்த்தவனுக்கு. நாம் முங்கிச் சங்கெடுத்த ஆட்கள். அடக்குவதற்கு நமக்கு வாத்தியார் எதற்கு?

மெற்றில்டாவைத் தைரியமாக இருக்கச் சொல்.

அண்ணன்,
கஸ்பார்


திரேஸ்புரம்
10 ஜூலை 2025

அண்ணனுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் கிடைத்த பிறகுதான் சோறு இறங்கியது. "எங்க அண்ணனுக்கு ஒரு சொட்டு கிடையாதாம்ளா" என்று மெற்றில்டாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். "கேட்டாச்சு, போங்க அங்கிட்டு" என்கிறாள்.

ஆபரேஷனுக்குச் சரி சொல்லிவிட்டேன். செப்டம்பர் மூன்றாம் தேதி. அதற்கு முன்னால் நாலு தடவை மதுரைக்கு வந்து பயிற்சி பழகச் சொன்னாள் ஐஸ்வர்யா என்கிற பிசியோதெரபி பெண். நீங்கள் சொன்னபடியே போகவில்லை. அவள் கொடுத்த தாள் மட்டும் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து நானே செய்கிறேன்.

எப்படி என்றால், முங்குவதற்கு முன்னால் எடுப்பது போல மூச்சை முழுதாக இழுத்து அடக்கிக்கொள்கிறேன். வயிற்றை இறுக்கி, காது அடைக்கும் வரைக்கும் கீழ்ப்பக்கம் முக்குகிறேன். தாளில் பத்து எண்ணச் சொல்லியிருக்கிறது. நான் தொண்ணூறு வரைக்கும் எண்ணுகிறேன். காலையில் முப்பது, சாயங்காலம் முப்பது. 'மூச்சை இயல்பாக விடவும்' என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். மூச்சுப் பிடிக்கத் தெரியாதவர்களுக்காக எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நான் செய்வது சரிதானா அண்ணன்? எனக்கு மூச்சடக்கச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். ஒரு வரி எழுதுங்கள்.

கிளைட்டன்


கொச்சி
26 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

கடவுள் கிருபையால் எல்லாரும் நலம். இங்கே விடாத மழை. அனிஷாவுக்கு வேலை அதிகம் என்பதால் பேரப்பிள்ளைகளை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். அதனால்தான் எழுதத் தாமதம்.

நீ எழுதியதை எல்லாம் வாசித்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடியும். மூன்றாம் தேதி இங்கே கோயிலில் உன் பெயருக்குப் பூசை கேட்டிருக்கிறேன். வேட்டியும் துண்டும் கூடுதலாக எடுத்துக்கொண்டு போ. ஆஸ்பத்திரிச் சாப்பாடு உனக்குப் பிடிக்காது. மெற்றில்டாவைக் கஞ்சி வைத்துத்தரச் சொல்.

வேறு விசேஷம் இல்லை.

கஸ்பார்


திரேஸ்புரம்
29 செப்டம்பர் 2025

அண்ணனுக்கும் மைனிக்கும்,

பிழைத்துவிட்டேன். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்களாம். "தசைக்குச் சேதமில்ல, இனிமே உங்க பயிற்சியிலதான் இருக்கு" என்றார் டாக்டர். பூசை கேட்டதற்கு ஸ்தோத்திரம்.

பதினேழாம் தேதி டியூபை எடுத்தார்கள். எடுத்த நிமிஷத்திலிருந்து குழாய் திறந்தது போல ஓடுகிறது. எழுந்தால் ஒழுகுகிறது, இருமினால் ஒழுகுகிறது, சிரித்தால் ஒழுகுகிறது. சிரிப்பதை விட்டுவிட்டேன், அதனால் அது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு நாளைக்கு ஏழு டயப்பர்.

பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்க்காரர் மாசானம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அதே நாள், அதே ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முன்னால் நாலு தடவையும் ஐஸ்வர்யாவிடம் போய் வந்தவர். நான் பயிற்சி செய்வதைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படிச் செவக்கு? பிள்ளையா பெறுதீரு?" என்று கேலி செய்தார். அவருக்கு மூச்சு அரை நிமிஷம் தாங்காது. நமக்குச் சொல்ல வந்துவிட்டார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உங்களுக்கு ஒரு வாரத்தில் நின்றதே, அப்போது எந்தப் பயிற்சி செய்தீர்கள்? எண்ணிக்கையைக் கூட்டவா? உடனே எழுதுங்கள்.

கிளைட்டன்


திரேஸ்புரம்
15 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

சுகந்தானே? போன கடிதம் கிடைக்கவில்லையோ என்று இதை எழுதுகிறேன். ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை.

பயிற்சியை ஒரு நாளைக்கு நூறாக்கிவிட்டேன். ஏழு டயப்பர் ஏழாகவே இருக்கிறது. மாசானத்துக்கு முழுக்க நின்றுவிட்டதாம். போன் போட்டுச் சொல்கிறார். கொடிக்காலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறாராம். போனைத் தூக்கிக் கடலில் எறியலாம் போல வந்தது.

டாக்டர் அனுமதித்த பிறகு தோணியில் போய்வருகிறேன். கழுத்தளவுத் தண்ணீருக்கு மேல் போவதில்லை. முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்குகிறேன், கடைசி ஆளாக ஏறுகிறேன். "கெழவனுக்கு இன்னும் ஆச விடலயே" என்று பயல்கள் சிரிக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது எவனுக்கும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் அங்கேயே கிடக்கிறேன்.

மெற்றில்டா துணியைத் தனியாகத் துவைத்து மொட்டை மாடியில் உள்கயிற்றில் காயப்போடுகிறாள். நான் பார்க்கும்போது வேறு எங்கேயோ பார்க்கிறாள்.

எனக்குள் என்ன கோளாறு? அதை மட்டும் சொல்லுங்கள்.

கிளைட்டன்


கொச்சி
8 டிசம்பர் 2025

அன்புத் தம்பி,

இன்று மாதாவின் திருநாள். பாலன் பிறப்புக்கும் இப்போதே வாழ்த்து. மைனிக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டாள். அதனால் எழுதவில்லை.

உனக்குள் எந்தக் கோளாறும் இல்லை. ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி. நீ நினைத்து நினைத்துத்தான் கூடுகிறது. பொறுமையாக இரு, நின்றுவிடும். டாக்டரிடம் இன்னொரு தடவை காட்டினாலும் நல்லதுதான்.

பெரிய வெள்ளிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. தோளை விட்டுவிடாதே. அப்பாவுக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு நீ. நடுவில் வெளி ஆள் வரக்கூடாது.

கஸ்பார்


திரேஸ்புரம்
7 ஏப்ரல் 2026

அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். இந்த வீட்டில் இல்லை.

பெரிய வெள்ளியன்று தோளை விடவில்லை. நீங்கள் சொன்னபடியே நின்றேன். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு டயப்பரை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, மேலே அங்கியைப் போட்டுக்கொண்டேன். ஆசந்தியைத் தூக்கும்போது பாரம் தோளில் இறங்கியது. பழக்க தோஷத்தில் மூச்சை அடக்கி முக்கினேன். அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டாவது தெரு திரும்புவதற்குள் அங்கி முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது. இரண்டு பக்கமும் மெழுகுதிரி பிடித்த பெண்கள். "ஏளா, அங்கன பாரு, அவருக்கு என்னமோ..." என்று ஒருத்தி சொன்னது பாட்டையும் மீறிக் கேட்டது. சபைத் தலைவர் வந்து, "கிளைட்டன், நீ நவுந்துக்கோ" என்றார். ஆண்டவரை நடுத்தெருவில் நிறுத்தி என் தோள் இருந்த இடத்தில் ஜெஸ்டினை விட்டார்கள். மச்சாது குடும்பத்து ஜெஸ்டின், நீங்கள் வரக்கூடாது என்ற வெளி ஆள்.

மெற்றில்டா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தலையில் போட்டிருந்த கறுப்பு முக்காட்டை எடுத்து என் இடுப்பில் சுற்றினாள். ஊரே முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் எதிர்ப்பக்கமாக வீட்டுக்கு நடந்தோம்.

அங்கியைச் சபையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே கடலில் முங்கினோம். உங்களுக்கு நின்றது எனக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை?

கிளைட்டன்


கொச்சி
16 ஏப்ரல் 2026

அன்புள்ள கொழுந்தனாருக்கு, மைனி பிளாரன்ஸ் எழுதுவது.

நீங்களும் மெற்றில்டாவும் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். மெற்றில்டா போனில் சொல்லி அழுதாள். இந்த விஷயத்தைப் போனில் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அவர் சாப்பிடாமல் கிடக்கிறார். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறார். நீங்கள் ஏழே மாதத்தில் மனம் தளரக்கூடாது. உங்கள் அண்ணனுக்கு மூன்றரை வருஷமாக இன்னும் டயப்பர்தானே. அவரும் முதலில் கடலில் முங்குவது போல மூச்சடக்கி முக்கி முக்கித்தான் ஒரு வருஷத்தைப் பாழாக்கினார். இங்கே உள்ள பிசியோ, "அப்படிச் செய்தால் உள்ளதும் தளர்ந்துபோகும், மூச்சை விட்டுக்கொண்டே மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும்" என்று திட்டின பிறகுதான் மாற்றினார். அதற்குப் பிறகு பாதி குறைந்தது. இதையெல்லாம் உங்களுக்கு விவரமாக எழுதியிருப்பாரே. "ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது, தம்பிக்கு மட்டும் நான் எழுதிக்கொள்கிறேன்" என்றுதான் என் வாயைக் கட்டியிருந்தார். நீங்கள் சரியான முறையில் செய்தும் நிற்கவில்லை என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

பிளாரன்ஸ்


திரேஸ்புரம்
22 ஏப்ரல் 2026

கஸ்பாருக்கு,

சுகம் கேட்கவில்லை. மைனி எழுதிவிட்டாள். பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். அவளைத் திட்டாதே.

ஒரு சொட்டு கிடையாது என்று எழுதினாய். அதை நம்பிக் கத்திக்குக் கீழே போய்ப் படுத்தேன். சரி, அதை வெட்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் மூச்சடக்கி முக்குகிறேன், சரிதானா என்று உன்னிடம் கேட்டேன். தொண்ணூறு வரைக்கும் எண்ணுகிறேன் என்று பீற்றிக்கொண்டேன். தப்பு என்று உனக்குத் தெரியும். வேட்டியும் துண்டும் கூடுதலாக எடுத்துக்கொள் என்று எழுதினாய்! அடப்பாவி, அது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது.

நேற்று ஐஸ்வர்யாவிடம் போனேன். நான் செய்வதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "யார் சார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தா? ஒம்பது மாசமா கீழ தள்ளிட்டே இருந்திருக்கீங்க" என்றாள். யாரைச் சொல்ல?

மூச்சை அடக்கு என்று சின்ன வயதில் என் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தது உனக்கு. மூச்சை விடுலே என்று ஒரு வரி எழுத முடியவில்லையா?

'நீ' என்று எழுதியிருக்கிறேன். தெரிந்துதான் எழுதினேன்.

கிளைட்டன்


கொச்சி
5 மே 2026

தம்பி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ திட்டியது போதாது.

எனக்கு மூட்டுவலி ஒரு நாளும் இருந்ததில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த பெரிய வெள்ளியன்று ஆசந்தியின் கீழேயே எனக்கும் ஒழுகியது. கொஞ்சம்தான். மெழுகு சிந்திவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாளே தோளை உனக்குக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அந்த ஒன்பது மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. அக்கா சாவுக்கு வராததும் அதனால்தான்.

இந்த வீட்டில் மருமகன் நான் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறான். உலகத்தில் நீ ஒருத்தன்தான் என்னை முழு ஆளாக நினைத்துக்கொண்டிருந்தாய். அதை விட மனசு வரவில்லை. உன் ஜூலை கடிதத்துக்கு ஐந்து பதில் எழுதிக் கிழித்தேன். மூச்சைப் பற்றி எழுதினால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கும் நிற்கவில்லை என்று நீ எழுதியபோது, நான் மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நினைப்பை விரட்டினேன். விரட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஊருக்கு வருகிறேன். எத்தனை டயப்பர் ஆனாலும் வருகிறேன். வாசலில் நிற்க விடு.

கஸ்பார்


திரேஸ்புரம்
20 மே 2026

அண்ணனுக்கு,

மைனி சுகமாக இருக்கட்டும். மெற்றில்டா சுகம். ஐஸ்வர்யா சொன்னபடி மூச்சை விட்டுக்கொண்டு செய்கிறேன். ஏழு டயப்பர் ஆறாகியிருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், முழுதாக நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். முதல் தடவையாக ஒருவர் என்னிடம் உள்ளதைச் சொன்னார்.

நீங்கள் வர வேண்டாம். இப்போதைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

ஒரு விஷயம் நடந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து ஜெஸ்டின் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான். என் தோளை வாங்கிய அதே ஜெஸ்டின். "அண்ணே, எனக்கும் அதேதான்னு சொல்லுதாவ. ஆபரேஷன் பண்ணுனா ரொம்ப ஒழுகுமா? அன்னிக்கு உங்களுக்கு..." என்று இழுத்தான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அன்னிக்குப் பட்டினியில கிறுகிறுத்துட்டுலே. இப்ப ஒரு சொட்டு கிடையாது" என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

வீடு வரைக்கும் வந்துவிட்டேன். உங்கள் வரி, எழுத்து பிசகாமல் என் வாயிலிருந்து வந்திருக்கிறது. சட்டையைக்கூட மாற்றாமல் திரும்பி நடந்தேன். ஜெஸ்டின் வீட்டில் அவன் பெண்டாட்டி, கொழுந்தி, அவன் தாய் எல்லாரும் இருந்தார்கள். "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"உக்கார மாட்டேன், நாற்காலி நனைஞ்சிரும். நான் உன்கிட்ட சொன்னது பொய்லே ஜெஸ்டின். எனக்கு இன்னும் ஒழுகுது. ஆபரேஷனுக்கு முன்னாலயே மதுரைக்குப் போய் பயிற்சியப் பழகு. மூச்ச மட்டும் அடக்காத" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெஸ்டின் பெண்டாட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தேன்.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை அண்ணன். உங்களுக்குப் பத்து மாதம் இருந்தது.

கிளைட்டன்